எண்ணூர் ரோட்டு பங்களாவில் கரண்டு திருடியவன்

யூனியன் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் காலத்து அதிகாரிகளின் கண்டிப்பையும் நேர்மையையும் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பேச்சுவாக்கில் ஒருவர், இலாகாவில் புதிதாக ஒரு படை அமைத்திருப்பதைச் சொன்னார். எந்த வீட்டில் பில் திடீரென்று ஏறுகிறதோ அந்த வீட்டைச் சுற்றி யார் கரண்டு திருடுகிறார்கள் என்று பார்ப்பது அதன் வேலையாம். அவரும் அந்தப் படையில் இருக்கிறாராம். சொல்லும்போது முகத்தில் அத்தனை பெருமை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். கண்டிப்பும் நேர்மையுமான ஓர் அதிகாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாலு வருஷம் கம்பம் ஏறினேன். இரண்டு முறை ஷாக் அடித்துக் கீழே விழுந்தேன், ஒரு முறை ராயபுரத்தில் சாணிக் குவியல்மேல் விழுந்ததால் பிழைத்தேன். பிறகு ஒயர்மேன் பரீட்சை எழுதி மீட்டர் பிரிவுக்கு வந்தேன். என் படிப்பு இவ்வளவுதான்.

மீட்டர் பிரிவில் என் வேலை, பில் அதிகம் என்று புகார் கொடுப்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. மனிதர்கள்மேல் இருக்கும் மரியாதையைக் குறைத்துக்கொள்ள இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது. வண்ணாரப்பேட்டையில் ஒரு மண்டிக்காரர் மீட்டர் பேய்போல் ஓடுகிறது என்று மூன்று கடிதம் போட்டார். போய்ப் பார்த்தால், அவருடைய வீட்டு மாப்பிள்ளை பின்கட்டில் இரண்டு எலெக்ட்ரிக் இஸ்திரிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு தெருவுக்கே சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பிரிவுக்கு வருமுன் நடந்தது ஒன்று: ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் காலியானபோது ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலூருக்குப் போனார். திரும்பி வந்தபோது மூன்று மாத பில் காத்திருந்தது. எங்கள் மீட்டர் ரீடர் டீக்கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருந்தார். பூட்டிய வீட்டில் மூன்று மாதமாக விளக்கு எரிந்ததற்கு அவரிடம் கையெழுத்தோடு சாட்சி இருந்தது.

இனி எங்கள் அசிஸ்டென்ட் என்ஜினீயர். பேர் வேண்டாம், ஏ.இ. என்றே சொல்கிறேன். மழையோ வெயிலோ, வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வருவார். ரப்பர் இருந்தால் ஷாக் அடிக்காது என்று கல்லூரியில் படித்திருந்தார். அங்கே படித்ததில் பாக்கி எதையும் அவர் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. மீட்டர் முன்னால் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிணத்துக்கு மாலை போட வந்தவர்போல் நிற்பார். தொடமாட்டார். பெரிய மனிதர்களிடம் இங்கிலீஷ், எங்களிடம் தமிழ், அதிலும் திட்டுவதற்கு மட்டும். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. காரில் வரும்போதே ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிடுவார், பிறகு இறங்கி அதற்கேற்றபடி இடத்தைப் பார்ப்பார். எதனால் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. யார் என்றுதான் கேட்பார்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் ரோட்டில் ஒரு தொழிற்சாலை மேனேஜரின் பங்களாவில் இந்த விவகாரம் வந்தது. அது கடலைப் பார்த்த மாடி வீடு. முன்பு அதில் இருந்த துரை, எல்லாவற்றையும் எலெக்ட்ரிக்கில் சூடு பண்ணுகிற ஆசாமி. குளிக்க எலெக்ட்ரிக் பாய்லர், சமைக்க எலெக்ட்ரிக் அடுப்பு, ரொட்டி வாட்ட ஒரு பெட்டி. அவர் போனதும் நம்மவர் ஒருவர் மேனேஜராக வந்து குடியேறினார். அவருடைய மனைவி ஆசாரமானவர், துரை அடுப்பைத் தொடவே மாட்டேன் என்று கரி அடுப்பில் சமைத்தார். நியாயப்படி பில் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். குடியேறிய மாதத்திலிருந்தே அது துரை காலத்தைவிட அதிகமாக ஏறியது.

மேனேஜர் நேராக ஏ.இ.க்கு டெலிபோன் செய்தார். மறுநாளே என்னையும் ஏற்றிக்கொண்டு கார் புறப்பட்டது. வழியில் ஏ.இ. மடியில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே வந்தார். பங்களா மதில் ஓரம் இறங்கியதும் அந்தப் பக்கம் பார்த்தார். மதிலை ஒட்டி மீனவர் குப்பம், இருபது முப்பது குடிசைகள். அவருடைய ரிப்போர்ட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

உள்ளே போய் எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொன்னார். நானும் வேலைக்காரரும் அறை அறையாகப் போய் அணைத்தோம். பாய்லரையும் நிறுத்தினோம். பிறகு மீட்டரைப் பார்த்தேன். எல்லாம் அணைந்த வீட்டில் மீட்டரின் வட்டத் தகடு நிற்க வேண்டும். அது நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் எங்கோ கரண்டு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு மேல் செய்ய வேண்டியதைக் கத்துக்குட்டிகூடச் சொல்வான். பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பீங்கான் பியூஸ் கட்டை இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால், எதைப் பிடுங்கும்போது தகடு நிற்கிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பியூஸைப் பிடுங்கிப் பார்க்கட்டுமா சார் என்று கேட்டேன். ஏ.இ. மதில் ஓரமாகப் போகும் தோட்ட விளக்கு லைனைச் சுட்டிக்காட்டினார்.

"அதுலதான் கொக்கி போட்டு எடுக்கிறான். பியூஸ்ல ஆள் பேரு எழுதியிருக்குமா? ஆளைப் பிடிக்கிற வழியைப் பாரு" என்றார்.

தோட்ட லைனில் ஓர் இடத்தில் உறை கிழிந்திருந்தது. கடற்காற்றில் எந்த ஒயருக்கும் கிழியும். அதை அவர் வெட்டுக்காயம் என்றார். காரிலேயே எழுதி வைத்திருந்த ரிப்போர்ட்டை நீட்டினார். வெளியாட்கள் தோட்ட லைனில் திருட்டுத்தனமாக இணைப்பு எடுத்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. பரிசோதித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஏழு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதையெல்லாம் ஒரு காரணம் என்று சொல்லவில்லை. பயந்தேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போலீஸ் குப்பத்தில் புகுந்தது. இருபது முப்பது குடிசைகளைக் கலைத்துப் பார்த்தும் ஒரு பல்பு கிடையாது, ஒரு ஸ்விட்ச் கிடையாது. அரிக்கேன் விளக்குகளும் சிம்னிகளும்தான். கரண்டைத் திருடி இவர்கள் எதில் ஊற்றி வைத்தார்கள் என்று அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கே சந்தேகம் வந்து ஏ.இ.யிடம் கேட்டார். பல்பைக் கடலில் போட்டிருப்பார்கள் என்று ஏ.இ. பதில் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

எல்லப்பன் என்பவரின் குடிசையில் மட்டும் துணி காயப்போடும் கொடியாகப் பழைய ஒயர் கட்டியிருந்தது. அவருடைய மனைவி கன்னியம்மா பங்களாவில் பெருக்கி மெழுகுகிற வேலை செய்தார். மேனேஜர் குடிவந்தபோது வீட்டில் மராமத்து நடந்தது. அப்போது மேஸ்திரி பிடுங்கி எறிந்த ஒயரை அம்மாவைக் கேட்டுத்தான் எடுத்து வந்தேன் என்று கன்னியம்மா சொன்னார். போலீஸ் அந்த அம்மாவைக் கேட்டது. மேனேஜரின் மனைவி, பக்கத்தில் நின்ற கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு ஞாபகம் இல்லை என்றார். எல்லப்பனைக் கைது செய்தார்கள். கன்னியம்மாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஜாமீனுக்கு நிற்க ஆளில்லாமல் எல்லப்பன் சப்-ஜெயிலுக்குப் போனார்.

திருடன் உள்ளே இருக்கிறான், மேனேஜர் வீட்டு மீட்டர் இனி அடங்க வேண்டும். அடுத்த மாத பில் முந்தியதைவிட அதிகமாக வந்தது.

இதிலிருந்து ஏ.இ. என்ன முடிவுக்கு வந்தார் என்றால், குப்பம் முழுவதுமே திருட்டுக் கூட்டம் என்பது. குப்பத்தையே அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி மேலே எழுதப்போவதாக ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டரில் தப்பில்லை என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும் என்று, பழைய மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மீட்டர் பொருத்திவிட்டு வர என்னை அனுப்பினார். தனியாகச் சைக்கிளில் போனேன்.

பங்களா கேட்டுக்கு எதிரே கன்னியம்மா நின்றுகொண்டிருந்தார். என் காக்கிச் சட்டையைப் பார்த்துக் கிட்டே வந்தார். அழவில்லை, காலில் விழவில்லை. அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, கேட்க ஆள் கிடைக்கவில்லை.

"இன்னா நைனா, நீ கரண்டு ஆபீசு தானே. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த வூட்ல மாடிப்படி கீய சாமி ரூமு கீது பாரு, அதும் பின்னாடி சொவரு சுடுது. தரைய மெழுகினா கை எடுக்கறதுக்குள்ள காஞ்சி பூடுது. மார்கழி மாசத்துல சாமிக்கு வச்ச நெய்யி உறையாம தண்ணியா நிக்குது. அம்மாகிட்ட சொன்னேன், அது சாமியோட சக்தின்னு சொல்லிச்சு. போலீசுகாரன்கிட்ட சொன்னேன், அடிக்க வந்தான்."

உள்ளே போனேன். மேனேஜர் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி மட்டும் இருந்தார். கொண்டுபோன மீட்டரை மூலையில் வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எல்லாவற்றையும் அணைத்தேன், தகடு சுற்றியது. முதலில் தோட்ட லைன் பியூஸைப் பிடுங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் தகடு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நின்றால் நான் போட்ட கையெழுத்து பொய்யாகாது. நிற்கவில்லை. வரிசையாக அடுத்தடுத்த கட்டைகளைப் பிடுங்கினேன். ஏழாவதைப் பிடுங்கியதும் தகடு இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது.

ஏழாவது லைன் மாடிப்படிக்கும் அதை ஒட்டிய நடைக்கும் போகிறது. அங்கே இரண்டு விளக்குகள்தான், இரண்டும் அணைந்திருந்தன. படிக்குக் கீழே சாமி அறை. அதன் பின்பக்கம் தேக்குப் பலகை அடைப்பு, அதை ஒட்டி அலமாரித் தட்டில் சாமி படங்கள். அம்மாவிடம் அனுமதி கேட்டுப் படங்களுக்கு நடுவே கையை விட்டுப் பலகையைத் தொட்டேன். அடுப்பில் வைத்த தோசைக்கல் ஆறுகிற நேரத்தில் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சென்னைப் பட்டணத்தில் ஒரு சுவர் சுடுகிறது என்றால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்கும்? தினமும் அந்தத் தரையில் கையை வைத்து வேலை செய்தவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பலகையைப் பெயர்க்க வேண்டும் என்றேன். அம்மா சாமிக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு தாமே ஒவ்வொரு படமாக எடுத்து வெளியே வைத்தார். இரண்டு பலகைகளை நெம்பினேன். பின்பக்கம் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் மேனேஜரின் பங்களா சாமியோடு எரிந்திருக்கும். பலகைக்குப் பின்னால் ஆள் நிற்கிற அளவுக்கு ஓர் அறை. தரையோரமாக இரண்டு நீளமான இரும்புக் குழாய்கள், உள்ளே சூட்டுக் கம்பி வைத்தவை. மேலே கோட்டு மாட்ட மரக் கொம்புகள். ஒரு மூலையில் ஒற்றைப் பூட்ஸ், கருவாடாகச் சுருண்டு கிடந்தது. கடற்கரை ஈரத்தில் பூட்ஸும் கோட்டும் பூசணம் பிடிக்காமல் இருக்கத் துரைமார்கள் இப்படி ஒரு சூட்டறை கட்டி வைத்துக்கொள்வது உண்டு. மழைக்காலத்தில் மட்டும் போட்டுக்கொள்வார்கள். மேனேஜருக்காகச் சாமி அறை கட்டிய மேஸ்திரி, இது என்ன என்று யாரையும் கேட்காமல் பலகை அடித்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

அப்படியானால் இதற்கு ஸ்விட்ச் எங்கே? அறையிலிருந்து வெளியே வரும் ஒயரின் மரச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே போனேன். நடையில் ஏறி, சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேனேஜர் நிற்கிற படம். அந்தக் காலத்தில் பெரிய படங்களை மேல்பக்கம் முன்னால் சாய்கிற மாதிரி மாட்டுவார்கள். பின்னால் ஒரு ஆள் முஷ்டி போகிற இடம் இருக்கும். படத்தைத் தூக்கினேன். ஒரு பித்தளை ஸ்விட்ச், கீழே தள்ளி, போட்டபடியே இருந்தது.

அம்மா அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். குடிவந்த அன்று மேனேஜர் வீட்டிலுள்ள ஸ்விட்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாராம். இதைப் போட்டபோது எதுவும் எரியவில்லையாம். கெட்டுப்போன ஸ்விட்ச், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதன்மேல் தன் படத்தை மாட்டச் சொன்னாராம்.

சாயங்காலம் ஏ.இ. வந்தார். வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சூட்டறையைப் பார்த்தார், ஸ்விட்சைப் பார்த்தார். தப்பு நடந்துவிட்டதே என்று ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி. மேனேஜருக்குச் சங்கடம் வராமல் இதை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்தார். உட்புற மின்கசிவு, சரிசெய்யப்பட்டது என்று எழுதினார். மேனேஜருக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்குள் இருந்த கசிவுக்குத் தான் பணம் கட்ட வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு படத்தை மறுபடி மாட்டச் சொன்னார்.

எல்லப்பனைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் கதவைத் திறந்தபோது நானே கேட்டேன். ஏ.இ., அது போலீஸ் விவகாரம், அவனிடம் ஒயர் இருந்தது உண்மைதானே என்றார்.

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இப்போதும் தெரியாது. கறுத்துப்போன அந்தப் பலகைத் துண்டு ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டி வைத்திருந்தேன்.

"சார், கேஸ் விசாரணைக்கு வந்தா பரிசோதிச்சவன்னு என்னைத்தான் கூண்டுல ஏத்துவாங்க. பியூஸைப் பிடுங்கிப் பாத்தியான்னு கேட்டா, நீங்க வேணாம்னு சொன்னதைச் சொல்லிடுவேன். பலகையையும் காட்டுவேன்" என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள், புகாரைத் திரும்பப் பெறுவதாக இலாகாவிலிருந்து போலீசுக்குக் கடிதம் போனது. அதற்கடுத்த வாரம் எனக்கு ஆந்திர எல்லைப் பக்கம் ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது. அவருக்கு அந்த வருஷமே பதவி உயர்வு. புறப்படுமுன் ஆபீசில் அந்த பங்களாவின் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். படிக்குக் கீழே சூட்டறை, இரண்டு ஹீட்டர் என்று துரை காலத்து கனெக்‌ஷன் தாளில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. ஏ.இ.யின் நாற்காலியிலிருந்து அந்த அலமாரி எட்டு அடி தூரம்.

மாற்றலாகிப் போகுமுன் ஒரு காலை குப்பத்துக்குப் போனேன். எல்லப்பன் வந்துவிட்டார். இருபத்தாறு நாள் உள்ளே இருந்திருக்கிறார். குடிசைக்கு வெளியே, வெறும் மணலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கட்டுமரம் அங்கே இல்லை. போலீஸ் மறுபடி வரும் என்று பயந்து குப்பத்து ஆண்கள் பழவேற்காட்டுப் பக்கம் உறவுக்காரர்களிடம் போயிருந்த வாரத்தில் புயல் அடித்திருக்கிறது. இழுத்துக் கரையேற்ற ஆளில்லாமல் மூன்று மரங்கள் போய்விட்டன, அதில் ஒன்று அவருடையது. மேனேஜர் வீட்டிலிருந்து, கன்னியம்மா வேண்டுமானால் மறுபடி வேலைக்கு வரலாம் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர் போகவில்லை. கூடையில் வாங்கி விற்கிற மீனை அரிந்துகொண்டிருந்தார்.

முதல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று சொன்னேன். பியூஸ்களைப் பிடுங்கிப் பார்த்ததையும், சூட்டறையையும் ஸ்விட்சையும் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் குரல் எனக்கே ஏ.இ.யின் குரல் மாதிரிக் கேட்டது, விளக்கம் சொல்கிற குரல். எல்லப்பன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பீசு பீசா புடுங்கிப் பாத்தேன்னு சொன்னியே நைனா, அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கால் மணி நேரம்" என்றேன்.

கன்னியம்மா அரிவாள்மனையில் மீனை வைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த மீனை அரியத் தொடங்கினார்.